வாசகர் கேள்வி: காற்றே இல்லாமல் ஓடிய கப்பல்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். புத்தகக் கண்காட்சியில் எழுநூறு பக்கத்தில் ஒரு சரித்திரக் காதல் நாவல் வாங்கினேன். ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்புதான் களம். கப்பல் தலைவன் ஒருவனுக்கும் கடாரத்து இளவரசிக்கும் காதல். ‘கதை முழுவதும் நடுக்கடலில்’ என்று பின்னட்டையில் போட்டிருந்தார்கள். கடல் கதை என்றால் எனக்கு உயிர். ஆனால் பாதிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. தோழிகள் எல்லாம் ‘நல்லாத்தானே இருக்கு’ என்கிறார்கள். குறை என்னிடமா, புத்தகத்திலா? நீங்கள் படித்தீர்களா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: குறை உங்களிடம் இல்லை. நானும் அந்த நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். அடுத்த அத்தியாயத்திலாவது கடல் வந்துவிடும் என்று நம்பிப் படித்தேன். வரவே இல்லை. எழுதியவருக்கு இதுதான் முதல் நாவல் என்று முன்னுரையில் இருக்கிறது, அதனால் பெயரைச் சொல்லாமல் பேசுகிறேன். பேசாமல் விட மனம் வரவில்லை. கடலை மையமாக வைத்துத் தமிழில் சரித்திர நாவல் அடிக்கடி வருவதில்லை. வருகிற ஒன்றும் இப்படி ஏமாற்றினால் வலிக்கத்தான் செய்கிறது.

கதை நாகப்பட்டினத்தில் தொடங்குகிறது. ஐப்பசி மாதம், பௌர்ணமி இரவு. கப்பல்கள் பாய் விரித்துக் கிளம்புகின்றன. பின்னால் இருந்து காற்று தள்ளுகிறது. எட்டாவது நாள் கடாரம், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா, கண்ணில் படுகிறது. அந்த எட்டு இரவும் நாயகன் மேல்தளத்தில் நின்று முழு நிலவைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். எட்டு இரவும் நிலவு தேயவில்லை.

ஐப்பசியில் நாகப்பட்டினத்தில் என்ன காற்று அடிக்கும் என்று அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வடகிழக்குப் பருவம் பிறக்கிற மாதம் அது. வாடையும் கொண்டலும் கடலில் இருந்து கரையைப் பார்த்து அடிக்கும். வங்கக் கடலில் புயல் கிளம்புகிற மாதமும் அதுதான். கிழக்கே போகும் பாய்க்கப்பலுக்கு முகத்தில் அடிக்கிற எதிர்க்காற்று. அந்தக் காலத்தில் கிழக்கே போக வேண்டும் என்றால் தென்மேற்குக் காற்றைப் பிடிக்க வேண்டும். திரும்பி வர வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். போனவன் நினைத்த மாதத்தில் திரும்ப முடியாது. நடுவில் இருக்கிற மாதங்களை ஏதோ ஒரு துறையில், தெரியாத ஊரில், தெரியாத மனிதர்களோடு கழித்தாக வேண்டும்.

சீனத் துறவி இட்சிங்கின் பயணத்தைப் பாருங்கள். 671இல் குவாங்சோவில் கப்பல் ஏறினார். இருபது நாளுக்குள் சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜயம் வந்து சேர்ந்துவிட்டார். அப்புறம் அங்கே ஆறு மாதம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்தார். அடுத்து அதே தீவில் மலாயுவில் இரண்டு மாதம். அதற்குப் பிறகு கடாரம். அங்கிருந்து அவருடைய கப்பல் கிளம்பியது பன்னிரண்டாம் மாதத்தில். வங்கத்தில் தாம்ரலிப்தித் துறையில் இறங்கும்போது 673 ஆகிவிட்டது. கடலில் இருந்த நாட்களைவிடக் கரையில் இருந்த நாட்கள் அதிகம். அவர் எழுதி வைத்திருக்கும் இன்னொரு துறவியின் பயணத்தில், கடாரத்தில் இருந்து நாகப்பட்டினம் வர முப்பது நாள் ஆகியிருக்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் அது. நம் நாவலாசிரியர் ஐப்பசி எதிர்க்காற்றில் அதை எட்டு நாளில் கடந்துவிடுகிறார்.

தேதிக் கணக்குக்காக நான் இவ்வளவு சொல்லவில்லை. கடல் காதலுக்கு உயிரே இந்தக் காத்திருப்புதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தளத்தில் நின்று பேசும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் அரண்மனை நந்தவனத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் ஒரு வரி மாற வேண்டியதில்லை. நீங்கள் பாதியில் நின்றதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கடல் என்று நம்பிப் போனீர்கள், நந்தவனம் கிடைத்தது.

என் அப்பா தூத்துக்குடியில் தோணித் தண்டல், அதாவது தோணியின் தலைவர். பாய் கட்டிக் கொழும்புக்கு ஓட்டியவர். வைகாசியில் கச்சான் என்கிற மேல்காற்று வலுத்துவிட்டால் தோணிகள் ஓடாது. பழைய துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக் கலப்பத்து அடிப்பது, கிழிந்த பாயைத் தைப்பது, பாய் கட்டும் குறுக்கு மரமான பருமலுக்குப் புதுக் கயிறு மாற்றுவது என்று ஆண்கள் கரையில் இருப்பார்கள். எங்கள் தெருவில் பெண் பார்ப்பது, கல்யாணம் பேசுவது, அண்ணன் தம்பி சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அந்த மாதங்களில்தான். புரட்டாசியில் காற்று அடங்கியதும் தெரு காலியாகிவிடும். மாசியிலும் பங்குனியிலும் பிறந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் அதிகம். என் தங்கைக்குப் பங்குனி, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மாசி. யார் எப்போது சேர்வார்கள், எப்போது பிரிவார்கள் என்பதைக் காற்று முடிவு செய்த வாழ்க்கை அது. இயந்திரம் இல்லாத ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இது எவ்வளவு கூடுதலாக இருந்திருக்கும்! காற்று பிரித்து வைக்கும், காற்று சேர்த்து வைக்கும். நாவலாசிரியர் கதைப்பின்னலை யோசித்துத் திண்டாடவே வேண்டாம், பருவக்காற்று பின்னிக் கொடுக்கும்.

இதே கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல்கள் தென்மேற்குக் காற்றில் போய்ச் சேர்கின்றன. போர் முடிகிறது. திரும்பக் காற்று இல்லை. அழித்த ஊரிலேயே மாதக்கணக்கில் தங்க வேண்டும். நாயகன் தினமும் தண்ணீர் எடுக்கப் போகும் கிணற்றடியில், அவன் ஆட்கள் கொள்ளையடித்த வீட்டுப் பெண் நிற்கிறாள். அவளுக்கு அவன் மீது வெறுப்பு. அவனுக்கு அவளைப் பார்க்கக் கூச்சம். காற்று மாறும் நாள் நெருங்க நெருங்க இரண்டு பேருக்கும் என்ன ஆகிறது? இதை எழுதியிருந்தால் நான் எழுநூறு பக்கமும் விழித்திருந்து படித்திருப்பேன்.

இந்த நாவலில் என்ன நடக்கிறது? ஒரு அத்தியாயத்தில் கடாரம் எரிகிறது, இளவரசியின் தந்தை யானைகளோடு சிறைப்படுகிறார். அடுத்த அத்தியாயத்தில் அவள் நாயகனின் கப்பலில் கூந்தல் உலர்த்திக்கொண்டு, அவன் புஜங்களைப் பற்றித் தோழியிடம் பேசுகிறாள். இந்த இடத்தில் எனக்குப் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றியது. தகப்பன் கைதியாகப் பக்கத்துக் கப்பலில் இருக்கும்போது ஒரு மகள் அப்படியா பேசுவாள்? அவளுக்குத் துக்கம் வேண்டாமா? கோபம் வேண்டாமா? அவள் அழுதாள் என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால்கூட நான் மேலே படிக்கத் தெம்பாக இருந்திருக்கும். கொள்ளைப் பொருளோடு பொருளாக அவளையும் கப்பலில் ஏற்றிவிட்டு அதற்குக் காதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கும் ராஜேந்திரனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் கடாரப் பகுதி ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், யானைகளையும், சேர்த்து வைத்த பெருநிதியையும், நகர வாயிலில் இருந்த வித்தியாதர தோரணத்தையும் பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் இளவரசி யாரும் இல்லை. கற்பனையாக ஒருத்தியைச் சேர்த்ததில் தப்பே கிடையாது, நாவலாசிரியரின் உரிமை அது. சேர்த்தவளுக்கு ஒரு மனசும் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது என் மனதில் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட அரச குடும்பம் நாகப்பட்டினத்துக்கு அந்நியம் கிடையாது. அந்தக் குடும்பத்து அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் ஏற்றி உறுதி செய்தவன் ராஜேந்திரன். லெய்டன் செப்பேடு என்று இன்று சொல்கிறோமே, அதுதான். ராஜேந்திரனின் தொடக்க ஆண்டுகளில் நாகை காயாரோகணசுவாமி கோயிலுக்கு ஸ்ரீவிஜய அரசனின் அதிகாரி நகைகள் கொடுத்த கல்வெட்டும் இருக்கிறது. அப்படி இருந்த உறவு 1025இல் படையெடுப்பில் வந்து நின்றது. அதே துறையில் கப்பலில் அரிசி மூட்டை ஏறும்போது விகாரத்தில் கடாரத்துத் துறவிகள் என்ன நினைத்திருப்பார்கள்? நாகப்பட்டினத்திலேயே பிறந்து, தமிழ் பேசி வளர்ந்த ஒரு கடாரத்து வணிகரின் மகள் அந்தக் கரையில் நின்றிருந்தால்? அவளுக்கும் பக்கத்து வீட்டுச் சோழ மாலுமிக்கும் ஏற்கெனவே பழக்கம் இருந்திருந்தால்? இவ்வளவு பெரிய கதை கரையிலேயே கிடக்க, நாவல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டது. என் ஏமாற்றம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: நீங்கள் குறிப்பிடும் நாவலில் நாயகன் தொலைநோக்கியில் கடாரத்தைப் பார்க்கிறான், சக்கரம் திருப்பிக் கப்பல் ஓட்டுகிறான். சொன்னால் என் நண்பர் ‘கதைதானே சார், ஏன் நோண்டுறீங்க’ என்கிறார். நோண்டுவது தப்பா?
— வாசகர், காரைக்கால்

பதில்: தப்பே இல்லை. தொலைநோக்கி 1608இல் ஹாலந்தில் வெளியே வந்தது. கப்பலைத் திருப்பும் சக்கரம் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவியது. அடுப்படியில் மிளகாய்ச் சாந்து அரைக்கிறார்கள், மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்து சேர ராஜேந்திரனுக்குப் பிறகு ஐந்நூறு வருஷம் ஆனது. மிளகு போட்டிருக்கலாம்.

ஆனால் நண்பர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு மூன்று பிழைகளுக்காக நல்ல கதையை யாரும் தூக்கி எறிவதில்லை. எனக்குக் கவலை வேறு. சரியான பொருளைத் தேடிப் போயிருந்தால் அதைவிட நல்ல காட்சிகள் கையில் கிடைத்திருக்கும். ஜாவாத் தீவின் போரோபுதூர் சிற்பங்களில் கப்பல்கள் இருக்கின்றன. பின்புறம் பக்கவாட்டில் பெரிய துடுப்பு போன்ற சுக்கான். பெரிய அலையில் அதைப் பிடித்து நிற்பது லேசான வேலையாக இருந்திருக்காது. நாயகனின் தோள் வலுவைக் காட்ட ஆசிரியர் மூன்று பக்கம் வர்ணித்திருக்கிறார். சுக்கானைப் பிடிக்க விட்டிருந்தால் மூன்று வரியில் முடிந்திருக்கும்.

இந்தோனேசியாவில் பெலித்துங் தீவருகே 1998இல் ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கிடைத்தது. ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல். தைத்த கப்பலில் தண்ணீர் கசியும். உள்ளே யாராவது ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இரவிலும்தான். நாயகனும் நாயகியும் பேசும்போது கீழே தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டிருந்தால் நான் அந்தக் கப்பலில் ஏறியிருப்பேன்.

அப்புறம் அந்தப் பட்டுச் சேலை. நடுக்கடலில் தினம் ஒரு பட்டு கட்டுகிறாள் நாயகி, ஒன்றும் கசங்குவதில்லை. கடல் நீர் பட்ட துணி எப்படி இருக்கும் தெரியுமா? அப்பா கொண்டுவரும் சட்டையை அம்மா கொடியில் போடுவார். வெயிலில் விறைத்து, மடிப்பில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். சாயந்திரம் ஈரக்காற்று பட்டதும் மறுபடி நசநசவென்று ஆகிவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசினால்தான் உப்பு போகும். கப்பலில் அலசுவதற்கு நல்ல தண்ணீர் ஏது? கழுத்தோரமும் இடுப்பும் உப்பு அறுத்துப் புண்ணாகிவிடும். அந்தப் புண்ணுக்கு ஒருவர் இன்னொருவருக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிற காட்சி, இருபது பக்கக் காதல் வசனத்துக்குச் சமம்.

கேள்வி: பழைய தமிழ் இலக்கியத்தில் கடலும் காதலும் சேர்ந்த நல்ல கதை இருக்கிறதா? பெண்கள் எப்போதும் கரையில் அழுதுகொண்டுதான் இருக்கிறார்களா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இருக்கிறது மகளே. மணிமேகலையில் ஆதிரை கதையைப் படி. ஆதிரையின் கணவன் சாதுவன். அவளை விட்டுக் கணிகையிடம் போய், பொருளை எல்லாம் தொலைத்துவிட்டு, சம்பாதிக்கலாம் என்று வணிகர்களோடு கப்பல் ஏறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். தப்பி வந்தவர்கள் அவன் இறந்துவிட்டான் என்று ஊரில் சொல்லிவிடுகிறார்கள். ஆதிரை தீ மூட்டி அதில் இறங்குகிறாள், தீ அவளைச் சுடவில்லை. ‘தீயும் என்னைக் கொல்லவில்லையே, என்ன செய்வேன்’ என்று அவள் கலங்கும்போது, அவன் உயிரோடு இருக்கிறான், சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் வருவான் என்று ஒரு குரல் கேட்கிறது.

அந்தப் பக்கம் சாதுவன் என்ன செய்கிறான் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவனைத் தின்ன வந்த நாகர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். மொழி தெரிந்ததால் பிழைக்கிறான். தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்கச் சொல்கிறான், வேண்டாம் என்கிறான். வீட்டில் மனைவியை விட்டுக் கணிகையிடம் போனவன், யாரும் பார்க்காத தீவில் மாறி நிற்கிறான். கடல் அவனை அடித்துத் துவைத்து வேறு ஆளாக்கி அனுப்புகிறது. ஒரு பாத்திரம் பயணத்தில் மாறுவது என்றால் இது.

அகநானூற்றில் 255ஆம் பாட்டையும் தேடிப் படி. மருதன் இளநாகனார் பாடியது. இரவும் பகலும் நிற்காமல் காற்றுத் தள்ள, கடலைப் பிளந்து போகும் பெரிய கப்பல். மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்துத் துறையை அடையாளம் கண்டு ஓட்டும் நீகான். அவ்வளவு பெரிய கடல் காட்சியும், பொருள் தேடப் போனவனை நினைத்துக் கரையில் இருக்கும் ஒருத்தியின் தவிப்புக்குள் வருகிறது. சில வரிகளில் கடலும் இருக்கிறது, காதலும் இருக்கிறது.

கரையில் அழாத பெண் வேண்டுமா? கல்கியின் பூங்குழலியை உனக்குத் தெரிந்திருக்கும். கோடிக்கரையில் இருந்து தனியாகப் படகு செலுத்தி இலங்கைக்குப் போகிறவள். புதைசேறு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், வந்தியத்தேவனுக்குத் தெரியாது. அந்த ஒரு காட்சியிலேயே அவள் யார் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. 1950களில் வாரா வாரம் எழுதிய தொடர்கதையில் இது முடிந்திருக்கிறது.

கேள்வி: சோழர் கடற்படையில் இத்தனை வகைக் கப்பல், இத்தனை பதவிப் படிநிலை என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வருகிறது. நாவலிலும் அதே பட்டியல் இருக்கிறது. நம்பலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: அப்படியே நம்ப வேண்டாம். மெய்க்கீர்த்தி பல கலங்களைச் செலுத்தினார்கள் என்று சொல்கிறது, வென்ற ஊர்களின் பெயர்களைச் சொல்கிறது. கப்பலுக்கு எத்தனை பாய், எத்தனை ஆள் என்று சொல்வதில்லை. கடலில் போய் வந்த மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வணிகர் கல்வெட்டுகள்தான் உதவும். சுமத்ராவில் பாரூஸ் பக்கம் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு வைத்தது. கப்பல் தலைவனான மரக்கல நாயனும் கப்பல் ஆட்களான கேவிகளும் பொன்னில் வரி கட்டிவிட்டுத்தான் பாவாடை என்ற விரித்த துணியில் ஏறலாம் என்று அதில் விதி இருக்கிறது. கல்லில் வெட்டிய தமிழ், கற்பூரம் விளையும் தீவில். எனக்கு இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. பட்டியலில் உள்ள எந்தப் பதவிப் பெயரும் அந்த உணர்வைக் கொடுக்கவில்லை.

கேள்வி: முதல் நாவல் எழுதியவரைப் பற்றி இணையத்தில் கடுமையாக விமர்சனம் எழுதினேன். இப்போது உறுத்துகிறது. நீக்கிவிடவா?
— வாசகி, கோவை

பதில்: நீங்கள் எழுதியது புத்தகத்தைப் பற்றி இருந்தால் இருக்கட்டும். அவரைப் பற்றி இருந்தால் அந்த வரிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கத்தில் எது பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கும் உதவும்.

கேள்வி: நானும் கடல் பின்னணியில் ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே காலம். உங்கள் பத்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: பயப்படாதீர்கள் தம்பி, எழுதுங்கள். முதலில் ஒரு தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன காற்று என்று குறியுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம். நாகப்பட்டினத்திலோ கோடியக்கரையிலோ வயதான மீனவர்கள் வலை பின்னும் இடத்தில் போய் உட்கார்ந்தால் இதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். கூடவே மேகம் எந்த மூலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்வார்கள். அந்தத் தாளில் உங்கள் நாயகனையும் நாயகியையும் வையுங்கள். எந்த மாதம் பிரிகிறார்கள், எந்த மாதம் சேர முடியும் என்பது தானாகத் தெரியும்.

அடுத்தது குடிதண்ணீர். நான் சொன்ன நாவலில் ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. தோணியில் பீப்பாய்த் தண்ணீரைத் தண்டல்தான் அளந்து கொடுப்பார், சிரட்டையில். காற்று விழுந்து தோணி நின்றுவிட்டால் அளவு பாதியாகும். யாருக்கு எவ்வளவு, யார் தன் பங்கை யாருக்கு விட்டுக் கொடுக்கிறார் என்பதில் ஒரு கப்பலின் மனிதர்கள் அத்தனை பேரும் வெளிப்பட்டுவிடுவார்கள். முப்பது நாள் பயணம் என்று வைத்துக்கொண்டு, அவல், அரிசி, கருவாடு, தேங்காய், மோர் மிளகு, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் எந்த வாரத்தில் தீரும் என்று கணக்குப் போடுங்கள். இருபதாம் நாள் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் வசனம் தானாக வரும்.

காற்று விழுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புயலை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த நாவலிலும் மூன்று புயல் வருகிறது. காற்றே இல்லாத நாளை யாரும் எழுதுவதில்லை. பாய் தொங்கும், பருமல் இப்படியும் அப்படியும் ஆடிக் கிரீச்சிடும், கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடக்கும். யாருக்கும் வேலை இல்லை. எல்லோர் கண்ணும் எல்லோர் மேலும் இருக்கும். ஒளிய இடமே இல்லாத அந்தச் சின்னத் தளத்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருப்பது எவ்வளவு கஷ்டம்! அந்த நாளுக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள்.

கடாரம் பற்றி எழுதுவதாக இருந்தால், முடிந்தால் மலேசியாவின் கெடா மாநிலத்துக்குப் போய் வாருங்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன, மெர்போக்கில் அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே குனோங் ஜெராய் என்ற மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், கடலோரச் சமவெளியில் தனியாக நிற்கிறது. கடலில் இருந்து வருபவர்களுக்கு ஊர் தெரிவதற்கு முன்னால் அதுதான் தெரியும். உங்கள் நாயகன் பார்ப்பது அந்த மலையாக இருக்கட்டும். அவனுக்கு அது வெற்றியின் அடையாளம். அதே மலையைப் பார்த்து வளர்ந்தவள் நாயகி. அவளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகும்போது அது எவ்வளவு நேரம் கண்ணில் இருக்கும் என்பதையும் யோசித்து எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன். வண்ணம் பூசிய அட்டைப்படம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அந்த எழுநூறு பக்க நாவல் என் அலமாரியிலும் இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் போட்டுவிடலாமா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் அங்கே கொடுங்கள். உள்ளட்டையில் ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள், அதை யாரோ பொறுமையாக வரைந்திருக்கிறார். கடாரம், மாநக்கவாரம், இலாமுரிதேசம், தலைத்தக்கோலம், இலங்காசோகம் என்று மெய்க்கீர்த்தி சொல்லும் ஊர்களைக் குறித்து, பக்கத்தில் இன்றைய பெயர்களையும் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வேண்டிய படம். மாநக்கவாரம் என்றால் நம் நிக்கோபார் தீவு என்று அதைப் பார்த்து ஒரு பிள்ளைக்குத் தெரிந்தாலும் நல்லதுதான்.